திரைக்குள் பறை: சில கேள்விகள்

2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவித்தபோது எங்கள் தெருத் திடலில் பறை பழகிக்கொண்டிருந்தவர்கள் 14 பேர். எல்லாம் சேரிப் பிள்ளைகள். அடுத்த மாதம் ஒரு நண்பர் போன் செய்து, 'ஆன்லைன்ல வகுப்பு எடுங்க தோழர், வெளிநாட்டுல இருந்தெல்லாம் சேருவாங்க' என்றார். சேர்ந்தார்கள். ஜூன் மாதம் என் திரையில் 22 முகங்கள். திடலில் நின்ற 14 பேரில் திரைக்கு வந்து சேர்ந்தவர்கள் 2 பேர். மற்ற வீடுகளில் இருந்தது பட்டன் போன். ஒன்றிரண்டு வீட்டில் டச் போன் இருந்தாலும் அது அண்ணன்காரனோடு வேலைக்குப் போய்விடும்.

அந்த நாட்களைப் பற்றி எழுதிய கலைஞர்கள் பலர், இணையம் கலையை ஜனநாயகப்படுத்திவிட்டது என்கிறார்கள். யாருக்கு என்ற கேள்வியோடுதான் இதைப் படிக்க வேண்டும். கர்நாடக இசைக்காரர்களுக்குக் கணினி வழி வகுப்பு 2020-ல் வந்த புதுச் சமாச்சாரம் இல்லை. கடல் கடந்த பிள்ளைகளுக்கு ஸ்கைப்பில் பாடம் சொல்வது அதற்குப் பல வருடம் முன்பே நடந்துவந்தது. ஒரு குரு, ஒரு சிஷ்யன், ஒரு அறை. திரை அந்த ஏற்பாட்டைக் குலைக்கவில்லை, நீட்டித்தது. பறையை அப்படிப் பழக முடியாது. பறை வட்டத்தில் பழகுவது. பக்கத்தில் நிற்பவனின் அடியைக் காதில் வாங்கி, அவன் காலைப் பார்த்து நம் காலை வைப்பது. ஆசான் பாதி சொல்லிக் கொடுப்பான். மீதியை வட்டம் சொல்லிக் கொடுக்கும்.

திரையில் வட்டம் கிடையாது. ஒலி போய்ச் சேரத் தாமதமாகிறது. இரண்டு பேர் சேர்ந்து அடித்தாலே தாளம் கிழிந்துபோகும். ஆகவே எல்லோரையும் 'ம்யூட்டில் போடுங்க' என்று சொல்லிவிட்டு நான் மட்டும் அடிப்பேன். 22 பேர் கை அசைப்பது தெரியும், ஒரு அடிகூடக் கேட்காது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. செயலியில் இரைச்சலைத் தணிக்கும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. பேச்சைக் கடத்தி மற்றதை அடக்குவது அதன் வேலை. நான் ஓங்கி அடித்தால் முதல் இரண்டு அடி போகும், பிறகு அடங்கிவிடும். 'அண்ணா, உங்க கை ஆடுது, சத்தம் வரல.' அமைப்பை மாற்றினால் சரியாகிவிடுகிறது. மிருதங்கத்தையும் அந்த எந்திரம் விட்டுவைக்காதாம். எந்திரம் சாதி பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். சாதி வேறு இடத்தில் நின்றது.

திரை கடத்தாத முதல் பொருள் தோல். வேப்பங்கட்டை, புளியங்கொட்டைப் பசை, மாட்டுத் தோல், காய்ச்சுவதற்குச் சருகு நெருப்பு. திடலில் இவ்வளவையும் தொட்டுத்தான் ஒருத்தன் முதல் அடியை அடிப்பான். தோல் வாடை மூக்கில் ஏறிய பிறகுதான் தாளம் கையில் ஏறும். திரையில் எனக்கு வந்த மாணவர்களில் பாதிப்பேர் கூரியரில் பிளாஸ்டிக் முகப் பறை வாங்கியிருந்தார்கள். காய்ச்ச வேண்டாம், வாடை இல்லை, யார் செய்தது என்று கேட்க வேண்டியதும் இல்லை. 2020 தொடக்கத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். மிருதங்கம் செய்கிற தலித் கிறித்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூலின் வெளியீட்டுக்குக் கொடுத்திருந்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. மாட்டுத் தோலின் நாதம் வேண்டும், தோலைப் பதப்படுத்திய கை வேண்டாம் என்பதுதான் சபாக்களின் நெடுநாள் வழக்கம். திரையில் நான் பறைக்கும் அதையே செய்துகொடுத்தேனோ என்று இப்போது தோன்றுகிறது.

இரண்டாவது, சத்தம். என் வகுப்பில் ஒரு பெண் இருந்தார். எங்க ஆளுங்கதான். சென்னையில் கணினி வேலை, மாடியில் வாடகை வீடு, கீழே வீட்டுக்காரர். ஆறு வாரமாக அவர் கேமராவைத் திறக்கவே இல்லை. வருகிறாரா இல்லையா என்று கோபத்தில் போன் செய்து கேட்டேன். 'தலகாணியில அடிச்சுப் பழகுறேண்ணா. சத்தம் கேட்டா நாம யாருன்னு தெரிஞ்சுரும். இந்த நேரத்துல வீடு மாத்த முடியாது' என்றார். அதே வகுப்பில் அமெரிக்காவிலிருந்து ஒரு இளைஞர். ஆதிக்க சாதிக் குடும்பம் என்பதை அவரே கூச்சத்தோடு சொன்னவர். நல்ல மனிதர். வீட்டுத் தோட்டத்தில் நின்று அடித்தார், அக்கம்பக்கத்தார் கைதட்டினார்கள். 'ஆதித் தமிழர் இசை' என்று போட்டு வீடியோ அனுப்பினார். நானும் வாழ்த்துச் சொன்னேன்.

ஒரே பாடம், ஒரே கட்டணம், ஒரே ம்யூட் பொத்தான். ஆனால் அந்தப் பொத்தானை ஒருவர் எனக்காக அழுத்தினார், இன்னொருவர் உயிரைப் பிடித்துக்கொண்டு அழுத்தினார். 'சமூக விலகல்' என்ற சொல்லை அரசாங்கம் அப்போதுதான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தது. அது எங்களுக்குப் பழைய பாடம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

திடலை நான் புனிதமாக்கவும் விரும்பவில்லை. திண்டுக்கல் சக்தி கலைக்குழுப் பெண்கள் பறையடித்து ஆடியதைப் பார்த்துக் கைதட்டிய ஆண்கள்தான் நாங்கள். எங்கள் திடலில் ஒரு பெண்பிள்ளை நின்றதில்லை. 'சாயங்காலம் ஆம்பளப் பசங்க கூட என்ன ஆட்டம்' என்று வீட்டில் சொன்னால் நாங்களும் பேசாமல் இருந்தோம். தலையணையில் அடித்த அந்தப் பெண் திரை இல்லாவிட்டால் பறையைத் தொட்டிருக்கவே மாட்டார். இதை ஒப்புக்கொள்ளாமல் இணையத்தைத் திட்டுவது நேர்மையல்ல. திரை அவருக்குக் கதவைத் திறந்தது. சத்தம் போட இடம் கொடுக்கவில்லை.

இனி அப்பா. 90களில் ஊர்ச் சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று எங்கள் தெரு முடிவெடுத்தபோது பறையைக் கிழித்தவர்களில் அவரும் ஒருவர். அதற்காக நடவு வேலைக்குக் கூப்பிடாமல் இரண்டு போகம் பட்டினி போட்டார்கள். நான் பறையைக் 'கலை' என்று சொல்லிக் கையில் எடுத்ததை அவர் ஏற்றுக்கொண்டதே இல்லை. இழிவைத் தூக்கியெறிவதா, இழிவென்று சொன்னதையே ஆயுதமாக எடுப்பதா என்று பத்திரிகைகளில் நாம் நடத்திய விவாதம் எங்கள் வீட்டில் சோற்றுத் தட்டுக்கு முன்னால் நடந்தது. ஊரடங்கில் சாவுக்கு 20 பேருக்கு மேல் கூடக் கூடாது என்று உத்தரவு. இன்னும் சாவுக்கு அடித்துப் பிழைத்தவர்கள் ரேஷன் கடையில் கொடுத்த 1000 ரூபாயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சாவுப் பறை நின்றுபோனது. இழிவு அப்படியே இருந்தது. நான் மட்டும் ஆளுக்கு மாதம் 800 ரூபாய் வாங்கிக்கொண்டு திரைக்கு முன்னால் நின்றேன்.

ஒருநாள் வாசலில் உட்கார்ந்து வகுப்பைக் கேட்டுக்கொண்டிருந்த அப்பா, முடிந்ததும் கேட்டார்:

'கத்துக்கிறவங்க எல்லாம் நம்ம வீட்டுச் சாவுக்கு வந்து அடிப்பாங்களாடா?'

பதில் சொல்லவில்லை. அந்த 22 பேருக்கும் பறையின் தொன்மையைச் சொல்லியிருந்தேன். சாவு வீட்டு வாசலில் விடியவிடிய நின்று அடித்ததையும், கூலியைக் கையில் தராமல் தரையில் போட்டதையும் ஒரு வகுப்பிலும் சொல்லவில்லை. சொன்னால் போய்விடுவார்களோ என்ற பயம். என் வாயை நானே ம்யூட்டில் போட்டிருக்கிறேன்.

இப்போது திடலில் வட்டம் திரும்பிவிட்டது. அதில் 5 பெண்பிள்ளைகள் நிற்கிறார்கள். திரை வகுப்பையும் விடவில்லை, வயிறு இருக்கிறது. ஆனால் முதல் நாள் அடி கிடையாது. அப்பா கூலி வாங்கிய கதையும் பறையைக் கிழித்த கதையும்தான் பாடம். கேட்டுவிட்டு மறுநாள் வராமல் போனவர்கள் உண்டு. போகட்டும். தலையணையில் அடித்த பெண் 2022 பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது திடலுக்கும் வந்தார். காய்ச்சிய பறையைத் தோளில் மாட்டி அடித்துவிட்டு, 'இவ்வளவு சத்தமாண்ணா இது' என்று கேட்டார். சென்னை வீட்டில் இன்னும் தலையணைதான்.

கலையை ஜனநாயகப்படுத்தியதாக எழுதுகிற நண்பர்கள் அந்த வாடகை வீட்டிலிருந்து தொடங்கி மறுபடி எழுதிப் பார்க்கட்டும். அப்பாவின் கேள்விக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.