குண்டலகேசியின் கள்வனும் மந்திரி குமாரியின் கொள்ளையனும்

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில், சேர்வராயன் மலையடிவாரத்தே இயங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம் 1950ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மந்திரி குமாரி’ தமிழாராய்ச்சியாளர் கருத்திற் கொள்ளத்தக்க ஒரு திரைப்படமாகும். ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய குண்டலகேசியின் நிகழ்ச்சியொன்றைக் கருவாகக் கொண்டு மு. கருணாநிதி எழுதிய நாடகமே இதற்கு மூலம். எல்லிஸ் ஆர். டங்கனும், இன்று நாமக்கல் மாவட்டத்திலுள்ள திருச்செங்கோட்டில் பிறந்தவரும் அந்நிறுவனத்தைத் தோற்றுவித்தவருமாகிய டி. ஆர். சுந்தரமும் இதனை இயக்கினர்.

நாதகுத்தனார் இயற்றிய குண்டலகேசி முழுமையாகக் கிடைத்திலது. புறத்திரட்டு முதலியவற்றால் சில செய்யுட்களே எஞ்சின. அந்நூலை மறுக்க எழுந்த நீலகேசியின் உரை கொண்டே கதைப்போக்கினை அறிகின்றோம். ஆதலின், நூற்பயிற்சி இல்லார் பலர்க்கு இப்படமே குண்டலகேசியாக நிற்கின்றது. முதல்நூல் மறைந்தவிடத்து, அதன் வழிவந்த ஆக்கம் எதனைக் கொண்டது, எதனை விடுத்தது என்று காண்டல் இன்றியமையாததாகின்றது.

கொலைக்களத்துக்குக் கொண்டு செல்லப்படும் கள்வன் ஒருவனைக் கண்டு காதலித்து மணக்கிறாள் பத்திரை. பின்னர் அவன் அவளைக் கொல்லும் எண்ணத்துடன் மலையுச்சிக்கு அழைத்துச் செல்கிறான். அவள் அவனை வலம் வருவாள்போல் வந்து கீழே தள்ளி விடுகிறாள். இவை தமிழ்க் கதைக்கும் பாலி மொழிக் கதைக்கும் பொது. ஆயின் தேரீகாதையின் பாலி உரையில் ஒரு செய்தி சிறப்பாகக் குறிக்கத்தக்கது. சத்துகன் என்னும் அக்கள்வன் அரசனுடைய புரோகிதன் மகன். கள்வர்க்குரிய நாண்மீனில் பிறந்தவன். படத்திலும் கொள்ளைக் கூட்டத் தலைவனாகிய பார்த்திபன் முல்லை நாட்டு இராசகுருவின் மகனே. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்பது எம் கூற்றன்று. இவ்வொப்புமை வேறுபாட்டினை நன்கு விளக்குகின்றது என்பதே கருத்து.

சத்துகனைக் கள்வனாக்கியது விண்மீன். பார்த்திபனைக் கொள்ளையனாக்கியது கிட்டாத சேனாதிபதிப் பதவி. முன்னவன் கொல்ல முற்பட்டது அணிகலன்களுக்காக. பின்னவன் கொலைக்குப் பின்னே அரியணை வேட்கை நிற்கின்றது. பாலிக் கதையில் தந்தை கொடுத்த கையூட்டுக் கள்வனை விடுவித்தது. படத்திலோ, அமைச்சன் மகள் அமுதவல்லி தேவியின் சிலைக்குப் பின் மறைந்து நின்று தெய்வம்போற் பேசிய பொய்ம்மொழி அவனை விடுவித்து, குற்றமற்ற வீரமோகனை நாடு கடத்துகின்றது. கள்வனின் தனிப்பட்ட தீமையாக இருந்ததனை ஆட்சியின் தீமையாக விரித்துக் காட்டியது இப்படத்தின் பெருஞ்சிறப்பு என்க. இவ்வகையில் விதி நின்ற இடத்தில் ஆசிரியர் அரசியலை நிறுத்தினார்.

எனினும், பெற்றது போன்றே இழந்ததும் உண்டு. குண்டலகேசி என்னும் பெயர் மலையுச்சியில் நின்ற மனைவிக்கு உரியதன்று. துறவு பூண்டபின், களைந்த கூந்தல் சுருண்டு வளரப்பெற்று, ஊர்தோறும் சென்று வாது புரிந்த அறிவுச் செல்விக்கு உரியது. சாரிபுத்தரிடம் தோற்றுப் பௌத்தம் தழுவிய அவளை நீலகேசி தன் முதல் எதிரியாகக் கொண்டது அவளது சொல்வன்மை கருதியே. அவ்வாதப் பகுதியைப் படம் காட்டவில்லை.

அங்ஙனமாயின் அச்சொல்வன்மை எங்குச் சென்றது? கொள்ளையனிடம் சென்றது என்பதே எம் துணிபு. கொள்ளையும் ஒரு கலையே என்று வாதிடுபவன் பார்த்திபன். எஸ். ஏ. நடராசனின் நயமிக்க பேச்சு அவ்வாதத்திற்கு ஒரு கவர்ச்சியையும் அளித்துவிட்டது. எம். ஜி. இராமச்சந்திரன் ஏற்ற வீரமோகனின் நேர்மையோ வாளால் நிறுவப்படுகின்றதேயன்றி, அவ்வாதத்திற்குத் தக்க மறுமொழியால் நிறுவப்படவில்லை. கொலைக்கு முன் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடும் இருகுரல் பாட்டில், ஜி. இராமநாதனின் இசை கொல்வான் உள்ளத்தையும் இனிமையால் மூடுகின்றது. அவ்வினிமை அமுதவல்லியை மட்டுமன்றிக் காண்போரையும் ஏமாற்றவே அமைந்தது. பாட்டு முடிந்ததும் தாமும் மயங்கியமை அவர்க்குப் புலனாகும். இது குறையன்று, கலைத்திறனே. ஆயின் பாட்டின் மயக்கத்தை மலையுச்சி தெளிவிக்கின்றது. வாதத்தின் மயக்கத்தைத் தெளிவிப்பார் இலர்.

கொள்ளையனைத் தள்ளிய கையைப் படம் நமக்குக் காட்டிற்று. அவனது வாதத்தை வீழ்த்தவல்ல நாவினைக் காட்டாது விட்டது. காப்பியத்தில் அவ்விரண்டும் ஒருத்திக்கே உரியன. மறைந்த நூலின் நினைவை மக்களிடையே உயிர்ப்பித்தமைக்காக இப்படத்தைப் போற்றுகின்றோம். அதனைக் கண்டு குண்டலகேசியை அறிய விழைவார், மலையுச்சியோடு நில்லாது நீலகேசியின் வாதமன்றத்திற்கும் செல்வாராக.