உருண்டைக்குத் தெரிந்தது வெப்பம் மட்டும்

தொட்டி மாற்றும்போது கலவையில் கொஞ்சம் உருண்டை உரம் போட்டுவிட்டால் ஆறு மாதத்துக்குக் கவலையில்லை என்று நர்சரிக்காரர்கள் சொல்வார்கள். பொய்யில்லை. ஆனால் அந்த ஆறு மாதம் எந்த ஊர்க் கணக்கு என்று திருவனந்தபுரத்தில் செடி வளர்ப்பவர் கேட்டாக வேண்டும்.

மெல்லக் கரையும் இந்த உருண்டை, பிசினோ பாலிமரோ பூசிய உரத்துணுக்கு. ஈரம் ஆவியாக உள்ளே நுழைந்து உப்பைக் கரைக்கிறது. கரைசல் பூச்சின் வழியே சிறுகச் சிறுகக் கசிகிறது. எவ்வளவு வேகமாகக் கசியும் என்பது பெரும்பாலும் வெப்பத்தைப் பொறுத்தது. உறையில் அச்சிட்ட மாதக்கணக்கு பொதுவாக 21 டிகிரி செல்சியஸுக்கானது. திருவனந்தபுரத்தில் இரவில்கூட அந்த அளவுக்குக் குளிர்வது அபூர்வம். பங்குனி, சித்திரையில் பகல் 33ஐத் தொடும். மொட்டைமாடியில் வெயில் படும் க்ரோபேக்குக்குள் சூடு அதற்கும் மேல். 5–6 மாத உரம் 32 டிகிரியில் 3–4 மாதத்திலேயே தீரும் என்ற அட்டவணை சில தயாரிப்புகளோடு வருகிறது, படிக்க முடியாத பொடி எழுத்தில்.

ஆனாலும் இந்த உரத்தின் அருமை தெரிய இங்கே பெய்யும் மழையைத்தான் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஏறக்குறைய 1,800 மில்லிமீட்டர், எடவப்பாதி என்ற தென்மேற்குப் பருவமழையும் துலாவர்ஷம் என்ற வடகிழக்குப் பருவமழையுமாக இரண்டு தவணை. தேங்காய் நார்க்கழிவு கலந்த தொட்டியில் யூரியா போட்டால் நாலு கனமழைக்குள் பெரும்பகுதி மாடிக் குழாய் வழியே தெருவுக்குப் போய்விடும். பூச்சுக்குள் இருக்கும் உப்பை மழை அவ்வளவு எளிதில் கொண்டுபோக முடியாது. ஜூன் கடைசியில் தொடங்கும் திருவாதிரை ஞாற்றுவேலை, கேரளத்தார் கன்றும் கம்பும் நடும் காலம். அப்போது தொட்டி மாற்றும் குரோட்டன், செம்பருத்தி, ஆந்தூரியம், குற்றிமிளகு (புதர் மிளகு) போன்ற நீண்டகாலச் செடிகளுக்கு இதைவிடப் பொருத்தமான ரசாயன உரம் எனக்குத் தெரியவில்லை.

அதே உரத்தை மார்ச்சில் கலந்தால் கதை வேறு. வேர் அசைந்த செடி இன்னும் சத்தை இழுக்கத் தொடங்கியிருக்காது. உருண்டையோ வெயிலுக்குக் கசிந்துகொண்டே இருக்கும். உப்பு தேங்கி இலைநுனி கருகும். நீர்த்த உரம் என்றால் ஊற்றுவதை நிறுத்திவிடலாம்; கலவையில் கலந்துவிட்டதை நிறுத்தும் வழியில்லை. உப்பு வெளியேறத் தண்ணீர் தாராளமாக விட வேண்டும், அதுவும் குழாயில் தண்ணீர் வருமா என்று காத்திருக்கும் மாதத்தில். கோடையில் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் உரமில்லாமல் மாற்றி நிழலில் வைத்துவிட்டு, மழை பிடித்த பிறகு மேல்மண்ணில் குறைந்த அளவு தூவினால் போதும்.

கீரைக்கு இது வீண்செலவு. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் சிவப்புக்கீரை ரகமான அருண் ஒரு மாதத்தில் பறிக்கும் பக்குவத்துக்கு வந்துவிடும். ஆறு மாத உரம் அதற்கு எதற்கு? மட்கிய சாணமே போதும்.

பூச்சில்லாமலே மெல்லக் கரைபவை நம்மிடம் இருக்கின்றனவே, வேப்பம்பிண்ணாக்கும் எலும்புத்தூளும், என்பார்கள். இருக்கின்றன; விலையும் குறைவு. எலும்புத்தூளின் மணிச்சத்து கரைய அமிலத்தன்மை வேண்டும், இங்குள்ள செம்புரை மண்ணில் அதற்குப் பஞ்சமில்லை. ஆனால் புளிப்பைப் போக்கச் சுண்ணாம்பையும் அதே நாளில் அள்ளிப் போடுகிறவர்கள் எலும்புத்தூளின் கரைதிறனைத் தாங்களே குறைக்கிறார்கள். பிண்ணாக்கை உடைக்க நுண்ணுயிர் வேண்டும். மண்ணும் சாணமும் கலந்த தொட்டியில் அவை ஏராளம், வெறும் நார்க்கழிவில் குறைவு. எலும்புத்தூளின் வாசனைக்கு எலியும் நாயும் வந்து தொட்டியைக் கிளறுவதைப் பிண்ணாக்குப் பக்தர்கள் சொல்வதில்லை. மறுபக்கம், பூச்சு உரம் போட்டவர்கள் சுண்ணாம்பை மறந்துவிடுகிறார்கள். மழை அரித்துச் செல்லும் கால்சியம் பல உருண்டைகளில் போதிய அளவு இருப்பதில்லை.

எனக்குள்ள பெரிய மனத்தாங்கல் உரம் தீர்ந்த பிறகு மிஞ்சும் கூட்டைப் பற்றியது. காலியான உருண்டையும் நிறைந்த உருண்டையும் பார்வைக்கு ஒன்றுதான். விரலால் நசுக்கும்போது தண்ணீர் மட்டும் பீறிட்டால் தீர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். ஆனால் அந்தத் தோல் பெரும்பாலும் பிளாஸ்டிக், ஆண்டுக்கணக்கில் மட்காது. இத்தகைய பூச்சு மண்ணில் சிதைய வேண்டும் என்ற நிபந்தனையை ஐரோப்பிய ஒன்றியம் 2019ஆம் ஆண்டின் உர ஒழுங்குமுறையிலேயே எழுதி, அதற்குத் தவணையும் கொடுத்தது. இங்கே கடையில் வாங்கும் உறையில் பூச்சு எதனால் ஆனது என்று தேடிப் பார்த்தால் பெரும்பாலும் கிடைக்காது. அது தெரியும்வரை, உருண்டை கலந்த பழைய மண்ணைக் காய்கறிப் பாத்தியில் கொட்டாமல் அழகுச்செடித் தொட்டிகளுக்கே திருப்பிப் போடுவது நல்லது.