பரோட்டாக் கல்லின் முன்னால் ஒரு நாற்காலி

விருதுநகர் எண்ணெய் பரோட்டாவின் சுவையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அளவில் சிறியது, உள்ளங்கைக்குள் அடங்கும். மைதா மாவை எண்ணெய் தடவி ஊறவைத்து, வீசி, சுருட்டி, தட்டி, கல்லில் எண்ணெய் தேங்கி நிற்கப் பொரித்தெடுக்கிறார்கள். மேலே மொறுமொறுப்பு, உள்ளே ஏடு ஏடாக மென்மை. இலையில் நொறுக்கிப் போட்டு சால்னாவை ஊற்றியதும் பாதி ஊறியும் பாதி ஊறாமலும் இருக்குமே, அந்த ஒரு நிமிடம்தான் அதன் உச்சம். பார்சலில் அது கிடைக்காது. அங்கே பேர்போன பர்மா கடையைத் தேடி வெளியூர்க்காரர்கள் வருவதும், சிவகாசியில் வேலை முடித்தவர்கள் குடும்பத்தோடு வண்டியேறி வருவதும் வீண் இல்லை.

ஆனால் சுவைக்கு வெளியே குறைகள் உண்டு. முதல் குறை எண்ணெயில் இருக்கிறது. திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில், அது கெடும்போது உருவாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை 1 முதல் நாடு முழுக்க உள்ள விதி. எண்ணெயை நாள்தோறும் மாற்றுகிற கடையும் உண்டு, மேலே ஊற்றி ஒப்பேற்றுகிற கடையும் உண்டு. சாப்பிடுகிறவருக்கு வித்தியாசம் எளிதில் தெரியாது.

அதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது: உழைப்புக்குத் தரும் விலை. அதற்கு வெளிநாட்டிலிருந்து ஓர் உதாரணம். கோபன்ஹேகன் நகரின் நோமா, உலகின் சிறந்த உணவகமாக ஐந்து முறை தேர்வானது. பயிற்சிக்கு வந்தவர்கள் அங்கே பல ஆண்டுகள் சம்பளம் இல்லாமல் உழைத்தார்கள். 2022 அக்டோபரில்தான் அவர்களுக்குச் சம்பளம் தரத் தொடங்கினார்கள். மூன்றே மாதத்தில், வழக்கமான உணவகமாக நடப்பதை நிறுத்தப் போவதாக அறிவிப்பு வந்தது. இப்படியே நடத்தினால் தாங்காது என்றார் அதன் தலைமைச் சமையல்காரர் ரெனே ரெட்செபி. அத்தனை விலை வைத்தும் உழைப்பின் விலை அந்தக் கணக்கில் முழுதாக ஏறவில்லை.

நம் பரோட்டா விலையிலும் அது ஏறவில்லை என்றே நினைக்கிறேன். சாயங்காலம் தொடங்கிக் கடை மூடும் வரை அனல் முன்னால் நின்று வீசுகிறவர் மாஸ்டர். கடையின் பேரும் புகழும் அவர் தோளில் இருக்கிறது; அந்தத் தோள் ஓய்ந்த பிறகு அவருக்கு என்ன இருக்கிறது?

குறைந்தபட்சம் உட்கார ஓர் இடமாவது வேண்டும். கடை ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டம் திருத்தப்பட்டது. அடுத்த முறை சாப்பிடப் போகும்போது கல்லின் பக்கத்தில் ஒரு நாற்காலி கிடக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலாளியிடம் கேளுங்கள்.