நந்தனும் கூத்துக்களமும்

தொண்டைமண்டலத்தின் வடபகுதியான திருத்தணி வட்டாரத்தில் அடிமைத்தனத்தை மேடையேற்றிய பழைய வடிவம் பாரதக் கூத்து. திரௌபதி அம்மன் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. 1960-இல் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தாலும், எல்லைக்கு அப்பால் இதே பாரதம் தெலுங்கில் வீதி நாடகமாக நடக்கிறது.

பகடை துகில் இரவில் தருமன் தம்பிகளைத் தோற்று, பிறகு தன்னையும் தோற்கிறான். தன்னையே தோற்று அடிமையானவனுக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை என்று பாஞ்சாலி சபையைக் கேட்கிறாள். முகவீணை ஓய, அந்த வழக்கைக் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் ஊர்ப் பேச்சுக்கு இறக்குகிறான். ஆனால் கேட்பவள் அரசி. பண்ணையில் பிறந்து பண்ணையிலேயே மாளும் படியாளுக்கு அந்தக் களத்தில் கதை கிடையாது.

அவன் கதை நந்தன் வழியாகத்தான் தமிழ் அரங்குக்கு வந்தது. 12-ஆம் நூற்றாண்டில் குன்றத்தூர்ச் சேக்கிழார் பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் என்று பாடிய நந்தனாருக்கு எஜமானன் இல்லை. தில்லைக் கோயிலுக்கும் அவருக்கும் நடுவே பிறப்பு மட்டுமே நின்றது. கோபாலகிருஷ்ண பாரதி தம் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் வேதியர் என்ற பண்ணையாரைப் படைத்தார். நாற்பது வேலி நிலத்தையும் விளைவித்து அறுத்துத் தந்துவிட்டுத் தில்லைக்குப் போ என்கிறார் அவர். பக்திக் கதைக்குள் கூலியும் நிலமும் நுழைந்த இடம் இது.

காலமும் கவனிக்கத்தக்கது. 1833-இல் பிரிட்டன் இயற்றிய அடிமை ஒழிப்புச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சிப் பகுதிகளை விலக்கி வைத்தது. 1843-இல் வந்த சட்டம் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்பதை நிறுத்தியதே தவிர, அடிமை வைத்திருப்பதைக் குற்றமாக்கவில்லை. அந்தக் குறையை ஓரளவு தீர்த்த தண்டனைச் சட்டம் 1862-இல் நடைமுறைக்கு வந்தபோது கீர்த்தனையும் அச்சாகியிருந்தது. காரைக்காலில் இருந்த சீசையா என்ற பிரெஞ்சு அதிகாரி அதற்கு உதவினார். நாடகமாக அது புராணத்தைவிட வலியது. ஆனாலும் நாற்பது வேலியும் ஒரே இரவில் தெய்வச் செயலால் விளைந்துவிட, பண்ணையில் நிற்க வேண்டிய வழக்கு தில்லை வாசலுக்குப் போய்விட்டது.

இதற்கு மாறாக, அமெரிக்கக் கறுப்பின அரங்கில் தப்பித்தலே நாடகம். அடிமையாயிருந்து தப்பிய வில்லியம் வெல்ஸ் பிரவுன், 1858-இல் அச்சான தம் நாடகத்தை அடிமை ஒழிப்புக் கூட்டங்களில் தனியாளாக வாசித்து நடித்தார். 1849-இல் தப்பியவர் ஹாரியட் டப்மன். திரும்பத் திரும்பப் போய் ஏறத்தாழ 70 பேரை மீட்டவர். அவரைப் பற்றி மே மில்லர் எழுதிய நாடகம் 1935-இல் கறுப்பினப் பள்ளிகளுக்கான தொகுப்பு ஒன்றில் வந்தது. அதே 1935-இல் இங்கே கே. பி. சுந்தராம்பாள் ஒரு லட்ச ரூபாய் ஊதியத்தில் திரையில் நந்தனாராகப் பாடினார். அங்கே பிள்ளைகள் பள்ளி மேடையில் டப்மனாக நின்றார்கள். இங்கே நந்தன் கேட்டு உருகுவதற்கான குரலானான். இரு வரலாறுகளையும் முன்பே இணைத்துப் பார்த்தவர் ஜோதிராவ் புலே: 1873-இல் வெளியான ‘குலாம்கிரி’யை அமெரிக்க அடிமை ஒழிப்புக்கு உழைத்த மக்களுக்கே காணிக்கையாக்கினார்.

புராணத்தில் நந்தன் தீயில் இறங்கித்தான் தில்லைக்குள் புகுகிறான்; தமிழில் அவனை அந்தத் தீயிலிருந்து வெளியே எடுத்தவர்களில் முந்தியவர் அயோத்திதாசர். அவருக்கு நந்தன் சூழ்ச்சியால் கொல்லப்பட்ட பௌத்த அரசன். இந்திரா பார்த்தசாரதியின் ‘நந்தன் கதை’ (1978) அற்புதத்தை ஆதிக்கச் சாதியாரின் சதியாகத் திருப்பிப் போட்டது. கே. ஏ. குணசேகரனின் ‘பலி ஆடுகள்’ தலித் அரங்கின் தொடக்கப் படைப்புகளில் ஒன்றாக எண்ணப்படுகிறது.

இவற்றில் பெரும்பாலானவை நகர மேடைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உரியவை. கூத்தால் புதுக்கதை ஏற்க முடியாது என்பதல்ல காரணம்: செய்யாறு பக்கத்துப் புரிசைக் கூத்தர்கள் கொலம்பிய எழுத்தாளர் மார்க்வெஸின் கதையைக்கூட ஆடியிருக்கிறார்கள். திருவிழாக் கூத்தில் வரி கொடுப்பது ஊர். எந்த இரவு எந்தக் கதை என்பதை முடிவு செய்வதும் ஊர்ப் பெரியவர்களே. பத்து இரவுப் பாரதம் சடங்கோடு கட்டப்பட்டது. படுகளமும் தீமிதியும் தள்ள முடியாதவை. படியாளின் கதைக்கு அந்த வரிசையில் தனி இரவு இல்லை. 1976-இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும் திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்டுவருகின்றன. முன்பணக் கடனில் சிக்கிய அவர்களின் கதையை ஆடுவது கோயில் களத்துக்கு வெளியே, தெருமுனையில் நடக்கும் விழிப்புணர்வு நாடகங்கள்தாம்.