புள்ளியியலாளர் வாழ்க்கைக் குறிப்புகளும் இன்றைய இயற்பியலும்: ஒரு விமர்சனப் பார்வை

முன்னுரை

புள்ளியியல் அறிஞர்களைப் பற்றித் தமிழில் எழுதப்படும் வாழ்க்கைக் குறிப்புகள் பெரும்பாலும் ஒரே அச்சில் அமைந்தவை. பிறந்த ஊர், இளமையில் பட்ட துன்பம், வெளிநாட்டுப் பட்டம், விருதுப் பட்டியல், மறைந்த நாள் என்று அவை முடிந்துவிடுகின்றன. அந்த மனிதர் எதைக் கண்டறிந்தார் என்ற கேள்விக்கு ஒரு தேற்றத்தின் பெயர் மட்டுமே விடையாகக் கிடைக்கிறது. இன்னொரு பக்கம், இயற்பியல் ஆய்வுச் செய்திகள் "மிகத் துல்லியமான அளவீடு" என்று அறிவிக்கின்றன. அந்தத் துல்லியத்துக்கு எல்லை உண்டா, அந்த எல்லையை யார் வகுத்தார் என்று அவை சொல்வதில்லை. இவ்விரு குறைகளும் ஒரே குறையின் இரு பக்கங்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

புதுச்சேரியிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு

பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்டில் கதையைப் புதுச்சேரியில் பலர் அறிவர். சூரியனை வெள்ளி கடந்து செல்லும் நிகழ்வைக் காண அவர் 1760-இல் புறப்பட்டார். 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமானதால் அவரால் இங்கே இறங்க முடியவில்லை. அவ்வாண்டு ஜூன் 6 அன்று நடந்த கடப்பை ஆடும் கப்பலிலிருந்து பார்த்தார். அதை அளவீடாகக் கொள்ள முடியவில்லை. அடுத்த கடப்புக்காகக் கிழக்கிலேயே காத்திருந்து 1768-இல் புதுச்சேரி வந்தார். 1769 ஜூன் 4 காலை மேகம் மறைத்தது. பிரான்சுக்குத் திரும்பியபோது அவர் இறந்துவிட்டதாகவே ஊர் முடிவு செய்திருந்தது.

இதைச் சொல்வோர் ஒரு துரதிர்ஷ்டசாலியின் கதையாகவே சொல்லி முடிக்கிறார்கள். அவர் எதை அளக்க வந்தார்? பூமியின் வெவ்வேறு இடங்களிலிருந்து கடப்பின் நேரத்தைக் குறித்து ஒப்பிட்டால் சூரியனின் தொலைவைக் கணக்கிடலாம். ஒருவர் தவறவிட்டாலும் பிற இடங்களில் பலர் குறித்தனர். ஆனால் அந்தக் குறிப்புகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. முரண்படும் பல அளவுகளிலிருந்து ஒரே மதிப்பை எப்படி எடுப்பது என்பதே அப்போதைய சிக்கல். லெஜாந்தர் 1805-இல் வெளியிட்ட மீச்சிறு வர்க்க முறை அதற்கு ஒரு வழி தந்தது. 1820-களில் ஜெர்மானிய வானியலாளர் என்கே, 1761, 1769 ஆகிய இரு கடப்புகளின் குறிப்புகளையும் அம்முறையில் இணைத்துச் சுமார் 15.3 கோடி கிலோமீட்டர் என்று கணித்தார். இன்றைய மதிப்பு 14.96 கோடி. மேகம் கதையின் பாதி மட்டுமே. மறு பாதி பிழையைக் கையாளும் கலை, அதுவே புள்ளியியல்.

சி.ஆர். ராவ்: விருதுக்குப் பின்னால் இருப்பது

இந்தியப் புள்ளியியலும் இயற்பியல் துறையின் அறையில்தான் பிறந்தது. கேம்பிரிட்ஜில் இயற்பியல் படித்த மகலனோபிஸ், கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்தபடியே 1931 டிசம்பரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். 1920-இல் ஹடகலியில் பிறந்து ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்த சி.ஆர். ராவ், வேலை தேடிக் கொல்கத்தா போன இடத்தில் அந்த நிறுவனத்தைக் கண்டு 1941-இல் அதில் சேர்ந்தார்.

ராவ் 2023-இல், தம் 102-ஆம் வயதில், பன்னாட்டுப் புள்ளியியல் பரிசு பெற்றார். "புள்ளியியலின் நோபல்" என்ற தலைப்பில் அது செய்தியானது. அதே ஆண்டு ஆகஸ்ட் 22 அன்று அவர் மறைந்தபோது அதே தலைப்பு இரங்கல் குறிப்பாயிற்று. பரிசுக்குக் காரணமான 1945-ஆம் ஆண்டுக் கட்டுரையைப் பற்றி மாணவர் அறிய வேண்டியது இதுதான்.

வகுப்பில் ராவ் பாடம் நடத்தியபோது மாணவராயிருந்த தண்டேகர் ஒரு கேள்வி கேட்டார். ஃபிஷர் காட்டிய துல்லிய எல்லை, தரவு மிகப் பெரிதாக இருக்கும்போதுதான் பொருந்துகிறது. சிறிய தரவுக்கு அப்படி ஓர் எல்லை உண்டா? ராவ் அன்றிரவே அதை நிறுவியதாகப் பின்னாளில் நினைவுகூர்ந்தார். முடிவை எளிய தமிழில் சொல்லலாம். ஒருபக்கம் சாயாத எந்த மதிப்பீட்டு முறையை எடுத்தாலும், அதன் விலக்க வர்க்கச் சராசரி ஓர் அளவுக்குக் கீழே இறங்காது. தரவில் பொதிந்துள்ள "ஃபிஷர் தகவல்" என்பதன் தலைகீழ் மதிப்பே அந்த அளவு. ஒன்றையொன்று சாராத அளவீடுகளை நான்கு மடங்காக்கினால் தகவலும் நான்கு மடங்காகும். ஆனால் பிழை பாதியாகத்தான் குறையும். அதைவிடக் கெட்டிக்காரத்தனமான கணக்குமுறை எதுவும் இருக்க முடியாது என்று இத்தேற்றம் உறுதி சொல்கிறது.

அதே கட்டுரையில் உள்ள மற்றொரு முடிவு இன்று ராவ்–பிளாக்வெல் தேற்றம் எனப்படுகிறது. புதுச்சேரி உப்பளம் பகுதியின் பெயரே அதை விளக்க உதவும். பாத்தியில் கடல்நீரைத் தேக்குகிறோம். நீர் ஆவியாகிறது, வேண்டிய உப்பு முழுவதும் தங்கிவிடுகிறது. தரவிலும் கேள்விக்குத் தொடர்புள்ள தகவல் முழுவதையும் தாங்கும் சுருக்கம் ஒன்று இருக்கலாம். ஒரு கச்சா மதிப்பீட்டை அந்தச் சுருக்கத்தின் வழியே சராசரியாக்கினால் கிடைக்கும் புது மதிப்பீடு பழையதைவிட ஒருபோதும் மோசமாகாது.

இங்கு "முதலில் கண்டவர்" என்ற பெருமிதத்தையும் சோதிக்க வேண்டும். ஸ்வீடனின் கிராமேர் இதே எல்லையைத் தம் 1946-ஆம் ஆண்டு நூலில் தந்தார்; ஆகவே கிராமேர்–ராவ் எல்லை என்ற பெயர். பிரான்சின் ஃபிரெஷே 1943-இலும் டார்மோவா 1945-இலும் இதே வழியில் எழுதியிருந்தனர். பிரெஞ்சுப் பாடநூல்களில் அவ்விருவர் பெயரும் சேர்ந்தே வரும். இதைச் சொல்வதால் ராவின் உயரம் குறையாது. போர்க்காலத்தில் ஒருவரையொருவர் அறியாமல் பலர் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள் என்றால், அந்தக் கேள்வி எவ்வளவு முதிர்ந்திருந்தது என்று புரியும். இதை மறைக்கும் வாழ்க்கைக் குறிப்பு அறிவியல் வரலாறு ஆகாது.

எல்லையைத் தாண்டிய செய்தி

அமெரிக்காவில் 4 கிலோமீட்டர் நீளக் கைகள் கொண்ட லைகோ கருவி 2015 செப்டம்பர் 14 அன்று ஈர்ப்பலையை முதன்முதலாகப் பதிவு செய்தது. அதன் லேசர் ஒளியில் ஃபோட்டான்கள் ஒழுங்கின்றி வந்து சேர்வதால் ஓர் இரைச்சல் எழுகிறது. ஒளியைக் கூட்டினால் அது குறையும். ஆனால் ஃபோட்டான்கள் 40 கிலோ கண்ணாடிகளைத் தள்ளுவதால் வேறோர் இரைச்சல் கூடும். இரண்டும் சமன்படும் இடம் "வழக்கமான குவாண்டம் எல்லை" எனப்படுகிறது. அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறும் "இறுக்கிய ஒளி"யைப் பயன்படுத்தி, குறிப்பிட்ட அதிர்வெண் பட்டையில் அந்த எல்லைக்குக் கீழே சென்றதாக லைகோ ஆய்வாளர்கள் 2024-இல் சயன்ஸ் இதழில் அறிவித்தனர்.

"இயற்கையின் எல்லையை மீறினர்" என்று இதை எழுதினால் மாணவர் தவறாகவே புரிந்துகொள்வார். ராவின் எல்லைக்குக் குவாண்டம் வடிவம் உண்டு. ஹெல்ஸ்ட்ராம் 1967-இல் அதற்கு வழி திறந்தார். அந்த எல்லையை யாரும் மீறவில்லை. மீறப்பட்டது சாதாரண ஒளியைக் கொண்டு அளக்கும்போது வரும் எல்லை. ஒளியின் தன்மையை மாற்றியதால் அது தாங்கும் தகவல் கூடியது. தகவல் கூடியதால் பிழைக்கான அடித்தளம் இறங்கியது. ராவைப் படித்தவருக்கு இந்த வேறுபாடு ஒரு வரியில் விளங்கும். மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ–இந்தியா அமைய 2023-இல் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்துள்ள நிலையில், இது நம் மாணவர்களின் வேலைவாய்ப்போடும் தொடர்புள்ள பாடம்.

சென்னையிலிருந்து சென்ற இருவர்

ராவின் மாணவர்களான இரு தமிழர்கள் இந்தப் பாலத்தை மேலும் அகலமாக்கினர். சென்னையில் 1936-இல் பிறந்த கே.ஆர். பார்த்தசாரதி, இங்கிலாந்தின் ராபின் ஹட்சனுடன் சேர்ந்து 1984-இல் குவாண்டம் இரைச்சலுக்கான நுண்கணிதத்தை உருவாக்கினார். குவாண்டம் உலகில் அளவுகளைப் பெருக்கும் வரிசை மாறினால் விடையும் மாறும். வழக்கமான நிகழ்தகவுக் கணிதம் அதற்குப் போதாது. ஓர் அணு ஒளிப்புலத்தோடு உறவாடும்போது காலப்போக்கில் என்ன ஆகிறது என்பதை எழுத அவர்களின் சமன்பாடு இன்று பயன்படுகிறது. அவர் 2023 ஜூனில், ராவுக்கு இரண்டு மாதம் முன்பு மறைந்தார்.

1940-இல் சென்னையில் பிறந்து மாநிலக் கல்லூரியில் படித்த எஸ்.ஆர். சீனிவாச வரதன் 2007-இல் ஏபெல் பரிசு பெற்றார். பரிசுச் செய்தி தெரிந்த பலருக்கு "பெரு விலகல் கோட்பாடு" தெரியாது. நாணயத்தை 10 முறை சுண்டி 7 அல்லது அதற்கு மேல் தலை விழும் வாய்ப்பு சுமார் 17 விழுக்காடு. 100 முறை சுண்டி 70 அல்லது அதற்கு மேல் விழும் வாய்ப்பு லட்சத்தில் நான்கு. இந்தச் சரிவு எந்த விதிப்படி நடக்கிறது என்பதே கேள்வி. அறையின் காற்று முழுவதும் ஒரு மூலையில் ஏன் ஒதுங்குவதில்லை என்பதற்கும், சமநிலை இல்லாத அமைப்புகளில் அரிய ஏற்ற இறக்கங்கள் எப்படி நிகழ்கின்றன என்ற இன்றைய ஆய்வுக்கும் இதுவே மொழி.

ஓர் எச்சரிக்கை

புள்ளியியலை மந்திரமாக்குவதும் தவறே. 2011-இல் ஓபெரா குழு, நியூட்ரினோக்கள் ஒளியைவிடச் சுமார் 60 நானோநொடி முன்னதாக வந்ததாக அறிவித்தது. புள்ளியியல் கணக்குப்படி அது தற்செயல் அல்ல. பிறகு ஒளியிழைக் கம்பி ஒன்று சரியாகப் பொருத்தப்படாததே முக்கியக் காரணம் எனத் தெரிந்தது. கிராமேர்–ராவ் எல்லை, மாதிரி சரியாக இருந்து மதிப்பீடு சாயாதபோது மட்டுமே பேசும். கருவி பொய் சொன்னால் தரவு எவ்வளவு கூடினாலும் அதே பொய் இன்னும் துல்லியமாகக் கிடைக்கும்.

முடிவுரை

ஒரு புள்ளியியலாளரைப் பற்றி எழுதுவோர் மூன்று கேள்விகளுக்கு விடை சொன்னால் போதும். அவர் காலத்தில் எந்த அளவீடு சிக்கலாக இருந்தது? அவர் முடிவை ஒரு சிறு எண் எடுத்துக்காட்டால் காட்ட முடியுமா? அது இன்று எந்த ஆய்வுக் கருவியில் வேலை செய்கிறது? இவற்றைச் சொன்ன பின் விருதுகளைப் பட்டியலிடலாம். புள்ளியியல் என்றால் கணக்கெடுப்பு எழுத்தர் வேலை என்று எண்ணி, இடம் கிடைத்தும் அத்துறையைத் தவிர்க்கும் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். அவர்கள் படிக்க நாம் தந்தவை விருதுப் பட்டியல்கள் மட்டுமே என்றால், அந்த முடிவுக்கு அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது.