கோலப் புத்தகத்தில் இல்லாத கோலம்

கார்த்திகை முடியப் போகிறது என்றால் எங்கள் தெருமுனைப் பூக்கடையில் கோலமாவுப் பொட்டலங்களுக்குப் பக்கத்தில் கோலப் புத்தகங்களும் தொங்க ஆரம்பித்துவிடும். இந்த வருஷம் மூன்று வாங்கினேன். மூன்றும் சேர்ந்து ஒரு சினிமா டிக்கெட் விலைகூட வராது. இதைப் போய் யாராவது விமர்சனம் எழுதுவார்களா என்று வீட்டில் கேட்டார்கள். மார்கழியில் ஒரு குடும்பத்தில் அதிகம் புரட்டப்படும் புத்தகம் இதுதான், ஏன் எழுதக்கூடாது?

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். "15 புள்ளி, 8 வரை, இடுக்குப் புள்ளி." இந்த ஒரு வரி எனக்கு ரொம்பப் பிடிக்கும். நடுவரிசையில் 15 புள்ளி வையுங்கள், மேலேயும் கீழேயும் ஒவ்வொரு வரிசைக்கும் ஒன்று குறைத்து, முந்தைய வரிசையின் இடுக்கில் வைத்துக்கொண்டே 8 வரை போங்கள். கூட்டிப் பார்த்தால் 15 வரிசை, 169 புள்ளி. வேலையில் நான் எழுதும் எந்த டாக்குமென்டும் இவ்வளவு சுருக்கமாக இருந்ததில்லை. யார் முதலில் இப்படி எழுதினார்களோ, அவருக்கு ஒரு கும்பிடு.

ஆனால் புள்ளி வைத்து முடித்ததும் புத்தகம் வாயை மூடிக்கொள்கிறது. அதன் பிறகு இருப்பது முடிந்துபோன படம் மட்டும்தான். எங்கே ஆரம்பிக்க வேண்டும், முதல் வளைவு எந்தப் பக்கம், எந்தப் புள்ளியைச் சுற்றியதும் திரும்ப வேண்டும் என்று ஒரு அம்புக்குறிகூடக் கிடையாது. புள்ளிகளை இணைத்துப் பூவும் கிளியும் வரைகிற கோலத்துக்கு இது போதும். சிக்குக் கோலத்துக்குப் போதாது. அங்கே கோடு புள்ளியைத் தொடாமல் சுற்றிக்கொண்டே போய், கிளம்பின இடத்துக்கே வந்து சேர வேண்டும். வழி தெரியாமல் படத்தை மட்டும் பார்த்துப் போட்டால் ஏழாவது வளைவில் மாட்டிக்கொள்வோம். நான் மாட்டிக்கொண்டேன், மொட்டைமாடியில், மூன்று முறை.

ஒரு சின்ன உதாரணம். பக்கத்துப் புள்ளிகள் எல்லாவற்றுக்கும் நடுவில் கோடு ஒன்றையொன்று வெட்டிப் போகும் எளிய நெளி. 3க்கு 4 என்று செவ்வகமாகப் புள்ளி வைத்தால் முழுவதும் ஒரே கோடாக வரும். 4க்கு 4 வைத்தால் நாலு தனிக் கோடுகளாகப் பிரிந்துவிடும். இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்திதான் கோடுகளின் எண்ணிக்கை. போடுகிறவருக்கு இது தெரிந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் நான்கு முறை கையை எடுக்க வேண்டிய கோலத்தில் ஒரே கோட்டைத் தேடிக்கொண்டிருப்பார். மூன்று புத்தகத்திலும் எந்தக் கோலத்துக்கும் இத்தனை கோடு என்ற குறிப்பு இல்லை.

முன்னுரைகளைப் பற்றிச் சுருக்கமாக. அதிகாலையில் ஓசோன் அதிகம், அதனால் வாசல் தெளிப்பது நல்லதாம். தரைமட்ட ஓசோன் வெயிலில் உருவாவது, விடியற்காலையில் அது குறைவாகத்தான் இருக்கும். எறும்புக்கு உணவாம். அரிசி மாவில் போட்டால் சரி. அதே புத்தகத்தின் அட்டையில் கலர்ப்பொடி விளம்பரம்! கடையில் விற்கும் கல்மாவை எந்த எறும்பும் தின்னாது.

சரி, தெருக்கடைப் புத்தகத்தை விடுங்கள், ஆய்வுலகம் என்ன செய்தது? 1974ல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, அவர்களோடு கமலா கிருத்திவாசன் மூவரும் கோலத்துக்கு வரிசை இலக்கணம் எழுதினார்கள். ஒரு சின்ன அமைப்பிலிருந்து விதிகளை வைத்து மேலும் மேலும் பெரிய கோலங்களை உருவாக்கும் கணிப்பியல் முறை. பி.இ.யில் சாம்ஸ்கியின் இலக்கண வகைகளை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதினேன். தாம்பரத்தில் கோலத்துக்கு அதே வேலை நடந்திருக்கிறது என்று வகுப்பில் ஒருவரும் சொல்லவில்லை. அந்தக் கட்டுரை மேல் எனக்கு மரியாதை அதிகம். ஆனாலும் அதில் பிறப்பது படம்தான், கை அங்கேயும் இல்லை.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. அவர்களே அங்கிருந்து நகர்ந்துவிட்டார்கள். கோலம் போடுகிறவர்கள் கோட்டை அசைவு அசைவாக நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று கவனித்து, அந்த அசைவுகளையே எழுத்துகளாக்கிக் கம்பிக் கோலத்துக்கு வேறு இலக்கணம் அமைத்தார்கள். பிரூசின்கீவிச் என்ற கணினி வரைகலை அறிஞர் 'கிருஷ்ணன் கொலுசு' கோலத்தை ஆமை வரைகலையில் கொண்டுவந்தார்: முன்னே போ, திரும்பு, மறுபடி போ. என் கணக்கில் இதுதான் கைக்கு மிக அருகில் வந்த எழுத்து. அந்த ஆமைக்கு இடுப்பு வலிக்காது, கை எட்டாமல் போகாது, நடுவில் மாவு தீராது. அது மட்டும்தான் குறை.

இனி நான் செய்த தப்பு. அம்மாவிடம் ஒரு நோட்டு இருக்கிறது, நாற்பது பக்கக் கட்டம் போட்ட நோட்டு. சிக்குக் கோலங்கள் பலவும் அதில் கால்வாசிதான் வரைந்திருக்கும். பாதியில் விட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். போன வருஷம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, கால்வாசியைக் கண்ணாடிப் பிம்பமாக மடக்கி முழுக் கோலமாக்க ஒரு பைத்தான் நிரல் எழுதினேன். பிரிண்ட் எடுத்துப் பெருமையாக நீட்டினேன். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை ஒரு கோட்டில் வைத்து ஓட்டினாள். பாதியிலேயே கிளம்பின இடத்துக்கு வந்து நின்றுவிட்டது.

"டேய், இது திரும்புற கோலம்டா. மடங்காது."

அந்தக் கால்வாசியைக் கால் சுற்று திருப்பி வைத்துக்கொண்டே போக வேண்டும். அப்படிச் செய்தால் ஒரே கோடு. நான் மடக்கியதில் அது துண்டு துண்டாகிவிட்டது. நோட்டில் அங்கங்கே இருந்த சின்னப் புள்ளிகளை மைக்கறை என்று நிரலில் சுத்தம் செய்திருந்தேன். அவை மாவு எடுக்கக் கையை நிறுத்தும் இடங்கள். அங்கே எழுந்து அடுத்த பக்கம் போய் நின்றுகொண்டால் மீதிக் கால்வாசி மறுபடி அதே மாதிரி கைக்கு எதிரே வந்துவிடும். உடம்பும் கோலத்தோடு சேர்ந்து திரும்புகிறது, அதனால் கைக்கு ஒரே பாடம்தான். கால்வாசி போதும் என்று அவள் விட்டதற்குக் காரணம் இதுதான். முழுப் படம் போட்ட மூன்று புத்தகங்களிலும் இல்லாதது அந்த அரைகுறை நோட்டில் இருந்தது. நான்தான் அதை அழித்து வைத்திருந்தேன். நல்லவேளை, அசல் நோட்டைத் தூக்கிப் போடவில்லை.

அம்மாவால் இப்போது குனிய முடியாது, முழங்கால். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். "புள்ளிக்கு மேல போ, இடுக்குல இறங்கு, இப்ப நீ திரும்பு." சொல்வதை நான் போனில் பதிவு செய்துகொண்டு வருகிறேன். இதுவரை பதினோரு கோலம் ஆயிற்று. நோட்டில் இன்னும் இருபத்தாறு இருக்கின்றன, தைக்கு ஒன்பது நாள்.