எழுத்து பிரசுரம்: தொகுப்பும் இதழும்

எழுத்து பிரசுரம், சி. சு. செல்லப்பா சென்னையில் நடத்திய சிறு பதிப்பகம். 1962-ல் அது வெளியிட்ட 'புதுக்குரல்கள்' 24 கவிஞர்களின் 63 கவிதைகளைக் கொண்டது. புதுக்கவிதை பயிலும் மாணவர்கள் பெரும்பாலும் இத்தொகுப்போடு நின்றுவிடுகின்றனர். அது போதாது. அதில் செல்லப்பாவின் முன்னுரை உண்டு. ஆனால் அது தொகுத்தவரின் தரப்பு. யாப்பை விட்டால் கவிதையாகுமா என்ற வாதப் பிரதிவாதம் 1959 முதல் 1970 வரை வந்த 'எழுத்து' இதழ்களில்தான் கிடக்கிறது. திருகோணமலைக்காரரான தருமு சிவராமு (பிரமிள்) அவற்றில் கவிஞராக மட்டுமல்ல, விமர்சகராகவும் எழுதினார். தொகுப்பில் அந்தப் பாதி இல்லை. புத்தக மூட்டையுடன் கல்லூரி கல்லூரியாக அலைந்து விற்றவர் செல்லப்பா. கவிதைகளை மட்டும் பிரித்தெடுத்து மறுபதிப்பு செய்வதைவிட, ஓராண்டு இதழ்களையேனும் கட்டுரைகளோடு அப்படியே அச்சிடுவது மாணவருக்குப் பயன்படும்.